செருப்போடு நின்றவன்

"தலைய ஆட்டாத மாப்ள, சுத்து கலைஞ்சிரும்" என்று சிக்கந்தர் மச்சான் சொன்ன பிறகுதான் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. இல்லை, இல்லை என்று ஆட்டியிருப்பேனோ என்னவோ. எதிரே முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் அது 'இல்லை' என்று படவில்லை, ஈ விரட்டுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அசர் தொழுகை முடிந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும். பொழுது சாய்ந்து மக்ரிபு வருவதற்கு முன்னால் தலைப்பாகையைக் கட்டி முடித்துவிட வேண்டும் என்று, தர்கா நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி ஷேக்தாவூது மைக்கில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். பதினெட்டு முழம் வெள்ளைத் துணி, சந்தனத் தண்ணீரில் நனைத்துப் பாதி உலரவிட்டது. ஒரு முனை என் வலது காதுக்கு மேலே இருக்கிறது, மறுமுனை பத்தடி தள்ளி முத்தவல்லியின் கைமடிப்பில். நடுவில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக என் தலைக்கு வந்துகொண்டிருக்கிறது. நெற்றியில் ஈரம் இறங்குகிறது. மூக்கு அரிக்கிறது, சொறியக் கூடாது, கையிரண்டையும் முழங்கால்மேல் மலர்த்தி வைத்திருக்க வேண்டுமாம். நாற்பத்தாறு வயதில், கல்லூரியில் அறுபது பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தருகிற ஒருவனுக்கு, மூக்கைச் சொறிய அனுமதி இல்லை. சிரிப்பு வருகிறது. சிரித்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள் என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தர்காவில் ஒரு வழக்கம், தலைமைப் பட்டம் கிடைக்காதவன் கையால்தான் பட்டம் கட்ட வேண்டும். வேறு ஊர்களில் மார்க்கம் படித்த பெரிய ஆலிமை வரவழைத்துக் கட்டுவார்கள், இங்கே அப்படியில்லை, தோற்றவன் தன் கையாலேயே ஜெயித்தவனுக்குச் சுற்ற வேண்டும். பிறகு அவன் வழக்குக்கும் போக முடியாது, முகத்தையும் திருப்ப முடியாது. ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, மனிதர்களை நன்றாகப் படித்தவர். அதனால்தான் சிக்கந்தர் மச்சான் என் முன்னால் குனிந்து குனிந்து நிமிர்கிறார். அவர் அத்தாவோடு பிறந்த என் மாமியின் மகன். நான், இதுவரை பட்டத்தில் இருந்து காலமான பெரியத்தாவின் தம்பி மகன். பெரியத்தாவுக்குப் பிள்ளை இல்லை. இந்த இருபத்திரண்டு வருஷமும் தர்காவைக் கூட்டியது, விளக்கேற்றியது, வந்தவர்களுக்கு ஓதிப்பார்த்தது, பெரியத்தா படுத்தபிறகு அவருக்கு மலமூத்திரம் எடுத்தது எல்லாம் சிக்கந்தர் மச்சான். நான் வருஷத்துக்கு ஒருமுறை கந்தூரிக்கு வந்து, பிரியாணி தின்று, இரண்டு பழைய பத்திரங்களைப் படம் எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸுக்கு ஓடியவன். இப்போது அவர் கை என் தலையில் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் அவருடைய வெற்றிலை மணம் முகத்தில் அடிக்கிறது. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் மார்புப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலிருந்து மூன்றாவது, நூல் பிரிந்திருக்கிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதுதான் என்னைக் கொல்வது. துணியின் கடைசி நுனியைச் செருகும்வரை யாரும் ஆட்சேபம் சொல்லலாம். செருகிவிட்டால் முடிந்தது. பட்டத்தைத் திருப்பித் தர வழி கிடையாது, சாவு ஒன்றுதான், மௌத்துதான். பட்டம் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லையைத் தாண்டி ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இருட்டுவதற்குள் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். பெரியத்தா நாற்பது வருஷம் அப்படித்தான் இருந்தார், ஹஜ்ஜுக்குக்கூடப் போகவில்லை. சென்னையில் என் வீடு, கல்லூரி, பாதி எழுதிய புத்தகம், ரெஜினா. நேற்று போனில் ரெஜினா அழவில்லை, கத்தவில்லை. "நீங்க அங்க உக்காந்தா நான் இங்கதான் இருப்பேன். புள்ளைய படிக்க வச்சுக்கிட்டு நான்பாட்டுக்கு இருந்துக்குவேன். சொல்லிட்டேன்" என்றாள், சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். கத்தியிருந்தால் தேவலை. கத்தினால் சமாதானம் செய்யலாம், என் மனைவி முடிவெடுத்த பிறகு கத்தமாட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன்? "பாக்குறேன்" என்றேன். என்னத்தைப் பார்க்கப்போகிறேன், இதோ ஐந்தாவது சுற்று வந்துவிட்டது.

இதெல்லாம் ஒரு கனவால் வந்தது. முந்தாநாள் நாற்பதாம் நாள் பாத்திஹா. ஓதி முடித்து நெய்ச்சோறு பரிமாறுவதற்கு முன்னால் முத்தவல்லி எழுந்து நின்றார். பெரியத்தா மௌத்தாவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கனவு கண்டார் என்றார். பெரிய கூடம், வரிசை வரிசையாய் ஆட்கள், விளக்குகள் இருக்கின்றன, ஒன்றும் ஏற்றப்படவில்லை. வெள்ளை உடுத்திய பெரியவர் ஒருவர் கையில் கிண்ணத்தோடு வருகிறார், கிண்ணத்தில் நோன்புக் கஞ்சி. முன்வரிசையைத் தாண்டுகிறார், நடுவரிசையைத் தாண்டுகிறார், கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுக்காமல் நேரே வாசலுக்குப் போகிறார். அங்கே ஒருவன் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறான், வந்தவனா போகிறவனா என்று தெரியாத மாதிரி. அவன் கையில் கிண்ணத்தைக் கொடுக்கிறார். விளக்குகள் தானாக ஏறுகின்றன. யாரது என்று பார்த்தால் நம்ம ஜியாவுதீன்! இதைச் சொல்லிவிட்டு முத்தவல்லி அழுதார். கூட்டத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மாவின் குரல் கேவியது. எனக்கு ஒரு வினாடி, மறைக்கக் கூடாது, ஒரே ஒரு வினாடி மயிர்க்கூச்செறிந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னை. இத்தனை பேரில் என்னை. ஒழுங்காக ஐந்து நேரம் தொழாத என்னை. அடுத்த வினாடி அது போய்விட்டது, ஏனென்றால் அந்தக் கனவு எனக்கு வரிக்கு வரி தெரியும்.

அது பெரியத்தாவின் கனவு இல்லை. ஐநூறு வருஷத்துக்கு முன்னால் குராசான் பக்கத்தில் எழுதிய ஒரு பாரசீக வரலாற்றில் இருக்கிறது, எழுதியவர் பெயரைச் செல் அரித்துவிட்டது, நான்தான் அதன் ஏழாம் பகுதியை இரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்தேன். அதில் ஒரு கிழட்டு ஷைகு, பிள்ளை இல்லாதவர். இரண்டு சீடர்கள், இரண்டு பேருக்கும் ஆள்பலம். மதியம் லுஹருக்கும் அசருக்கும் நடுவே கண்ணயர்கிறார், கூடம், ஏற்றாத விளக்குகள், வெள்ளை உடுத்தியவர், வாதுமை மரக்கிண்ணம், அதில் மாதுளை ரசம், வாசலில் செருப்போடு ஒருவன். மாதுளை ரசம் எங்கள் ஊருக்கு வந்து நோன்புக் கஞ்சி ஆகிவிட்டது. வேறு நேரமாக இருந்தால் இந்தப் பாடபேதத்தை நினைத்து நினைத்துச் சிரித்திருப்பேன், மாணவர்களிடம் சொல்லியிருப்பேன். என் புத்தகமே இதைப் பற்றித்தான். அந்தக் கால வரலாறுகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் யாராவது கனவு காண்கிறார்கள். வாளால் நாட்டைப் பிடித்தவனுக்கும் கடைசியில் ஒரு கனவு வேண்டியிருந்தது, வாள் ஊரைப் பிடித்துத் தருமே தவிர ஊர் அவனைப் பார்த்து எழுந்து நிற்க அது போதாது. புதைத்த இடம் தெரியாத கபுரைக் கனவு காட்டும். பிறக்காத பிள்ளைக்குக் கனவு பெயர் வைக்கும். பிள்ளை இல்லாத பெரியவருக்கு வாரிசைக் கனவு சொல்லும். கனவு எழுதப்பட்ட இடத்தில் தகராறு இருந்தது என்று அர்த்தம், இரண்டு பேர் ஒரே பாயில் உட்காரப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்படித்தான் முதல் இயலில் எழுதியிருக்கிறேன், ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக. இந்த மேடையில், இந்தப் பாயில், முழங்கால் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு வரிகூட உதவவில்லை.

அன்றைக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு நான் போகாமல் இருந்திருக்கலாம். போனாலும் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வரச்சொன்ன நர்சிடம் "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அறை வாசலிலேயே நின்றேன். பெரியத்தா படுக்கையில் பாதியாகிக் கிடந்தார், மூக்கில் குழாய். "என்னடா எழுதுற இவ்வளவு நாளா?" என்று கேட்டார். பாரசீகம் அவருக்குக் கொஞ்சம் வரும், மதரசாவில் படித்தது, பாட்டு மாதிரி நாலு பைத்து சொல்லுவார். அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று பையிலிருந்த தாளை எடுத்து அந்தக் கனவை முதலில் பாரசீகத்தில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னேன். நின்றபடிதான் வாசித்தேன், ஷூ காலில் இருந்தது. "அங்கயும் இதே கதைதானா, புள்ள இல்லாட்டி கனவுதானா?" என்று சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கியதும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் நான் இரண்டு நாளாக மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தாரா, காலைப் பார்த்தாரா? கால்பக்கம் பார்த்த மாதிரியும் இருக்கிறது. பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டார் என்று நானும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

ஆக நடந்தது இதுதான். காய்ச்சல், மருந்து மயக்கம், நான் வாசித்த கதை மண்டைக்குள் ஊறியிருக்கிறது, நாலு நாள் கழித்து அது கனவாகவே வந்திருக்கும், அல்லது கனவு என்று அவரே நம்பியிருப்பார். பாவம் மனுஷன். அதை நான் எழுந்து சொன்னால் என்ன ஆகும்? நாற்பது வருஷம் இந்த ஊர் கையைப் பிடித்து முத்தமிட்ட ஒருவர், கடைசிக் காலத்தில் அண்ணன் மகன்... தம்பி மகன், பார், எனக்கே குழறுகிறது, தம்பி மகன் சொன்ன கதையைத் தன் கனவு என்று உளறிவிட்டுப் போனார் என்று ஆகும். மைய்யத்தைப் பொய்யனாக்குவதா? கபுரில் மண்கூட இறுகவில்லை. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இந்த மனிதர், இதோ என் காதுக்குப் பின்னால் துணியை இழுத்து மடிக்கிறாரே, இவருடைய இருபத்திரண்டு வருஷத்தை நான் திருடியவன். கனவு இல்லையென்றால் பட்டம் தானாக இவருக்குத்தான், அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சொன்னால் செத்தவருக்குத் துரோகம், சொல்லாவிட்டால் இருப்பவருக்குத் துரோகம், ரெஜினாவுக்குத் துரோகம். எனக்கு? எனக்கும் ஆற்றுப்பாலம்தான் எல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பசித்தால் எழுந்து தோசை சுடுகிற என் வீட்டு அடுப்பு, கடற்கரையில் ரெஜினா மிளகாய்ப்பொடி மாங்காய்க்கு அடம்பிடிப்பது, எல்லாம் அந்தப் பக்கம். இரண்டு நாளாக இந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று சொல்லிவிடலாம் என்று முத்தவல்லி வீட்டுக்குப் போனேன், அதற்குள் தெருவில் எட்டுப் பேர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், கீரைக்கார அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவர் வீட்டு வாசலில் நின்று பேசாமல் ஒரு டம்ளர் சர்பத் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் கோழை, அதில் ஒளிவு மறைவு இல்லை.

ஒன்பதாவது சுற்றா பத்தாவதா? நெற்றி இறுகுகிறது. புருவத்துக்கு மேலே நாடி துடிக்கிறது. முத்தவல்லி துணியை விட விட மைக்கில் பேசிக்கொண்டே வருகிறார், எங்கள் தர்காவில் அடங்கியிருக்கும் அவுலியாவின் மகிமை, பெரியத்தாவின் மகிமை, இப்போது மறுபடி கனவு. மூன்றாவது தடவை சொல்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடுகிறது, இந்தத் தடவை கஞ்சியில் ஆவி பறந்ததாம். "ஹஜ்ரத் அவங்க தன் வாயால சிக்கந்தர்கிட்ட சொல்லி, சிக்கந்தர் எங்ககிட்ட சொல்லி..." என்கிறார். நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், இரண்டு முறை கேட்டதுதான், மூன்றாம் முறை அது முள் மாதிரி மாட்டியது. சிக்கந்தர்கிட்ட சொல்லி. யார் சொல்ல யார் கேட்டார்? மாணவர்களுக்கு முதல் நாள் முதல் பாடமே இதுதானே. கனவைப் பார்க்காதே, கனவைக் கொண்டுவந்தவனைப் பார். நான் படித்த அத்தனை வரலாற்றிலும் கனவு கண்டவர் தன் கையால் அதை எழுதியதே இல்லை, எப்போதும் கேட்டவர்தான் எழுதுகிறார், கேட்டவரிடம் கேட்டவர் எழுதுகிறார், அந்த அறிவிப்பாளர் வரிசையில் முதல் ஆளைப் பிடித்தால் போதும், கனவு எதற்காக என்று தெரிந்துவிடும். ஐநூறு வருஷத்துக்கு முந்திய ஆட்களிடம் கேட்ட கேள்வியை என் வீட்டு விஷயத்தில் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பெரியத்தா என்றதும் வரலாறு படித்த புத்தி பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனால் சிக்கந்தர் மச்சான் சொன்னார் என்றால் அது இன்னும் உறுதியாகத்தானே ஆகிறது? தனக்கு நஷ்டமான செய்தியை எவன் இட்டுக்கட்டுவான்? தனக்கு எதிரான சாட்சியை நம்பு, இதுவும் நான் சொல்லித்தருகிற பாடம்தான். அப்படியானால் இந்த மனுஷன் எவ்வளவு பெரியவர். பெரியத்தா உளறியதைக் கேட்டுக்கொண்டு, தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை மாற்றாமல் கொண்டுவந்து சபையில் வைத்திருக்கிறார். இந்த ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவர் கையை நிறுத்திக்கொண்டால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

அவர் பின்பக்கம் மடிப்பதற்காக என் தோளின்மேல் சாய்ந்தபோது உதட்டை அசைக்காமல் சொன்னேன். "மச்சான், நிறுத்துங்க. அது கனவு இல்ல. நான் ஆஸ்பத்திரில பெரியத்தாவுக்கு வாசிச்சுக் காட்டுன கதை. புத்தகத்துல உள்ளது." துணி ஒரு கணம் நின்றது. முத்தவல்லியின் கையிலிருந்து இழுபட்டு மறுபடி ஓடத் தொடங்கியது. "தெரியும்" என்றார் சிக்கந்தர் மச்சான். குரலில் ஒன்றும் இல்லை. "நீ வாசிச்சப்ப பிளாஸ்க்க கழுவிட்டு வந்து ஒம் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னேன். ரெண்டு தடவ வாசிச்ச. பாரசீகத்துல ஒருக்கா, தமிழ்ல ஒருக்கா." அடுத்த சுற்றுக்காக முன்பக்கம் வந்தார், முகம் எனக்கு நேராக வந்தது, கூட்டத்துக்கு முதுகு. பார்க்க வேண்டாம் என்று இருந்தவன் பார்த்துவிட்டேன். கண் இரண்டும் சிவந்து தூக்கமில்லாமல் இருந்தன. "மாமு கனவும் காணல, ஒன்னும் காணல மாப்ள. கடைசி ரெண்டு நாளும் தண்ணி தண்ணின்னு ஒரே வார்த்ததான். குடுத்தேன். கனவுன்னு சொன்னது நான்தான்." எனக்கு அவர் சொன்னது புரிந்தது, ஆனால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏன் மச்சான், என்று கேட்டேனா நினைத்தேனா. "எம் மவ கோயமுத்தூர்ல இருக்கா. ரெண்டு புள்ள பெத்துட்டா. அவ வீட்டுல ஒரு ராத்திரி நான் படுத்து எந்திரிச்சதில்ல. மாமு படுத்ததுலேந்து அவருக்குப் பதிலு நான்தான், பாலத்தத் தாண்டக் கூடாது. இப்ப பட்டமும் கட்டிட்டாங்கன்னா மௌத்துவரைக்கும். வேணாம்னு சொல்ல முடியுமா இங்க? வேணாம்னு சொன்னவன் இந்த ஊர்ல இருந்திருக்கானா?" துணியை இறுக்கி ஒரு மடிப்பு மடித்தார். "காணாத கனவக் கண்டதா சொன்னவன மறுமையில ரெண்டு வாற்கோதுமையக் குடுத்து ஒன்னோட ஒன்னு முடிச்சுப் போடச் சொல்லுவாங்களாம். முடிச்சு விழுமா? விழாது. முடியுற வரைக்கும் வேதனதான். இது தெரிஞ்சுதான் சொன்னேன். நாப்பது நாளா தூக்கமில்ல. நீ படிச்சவன், எப்படியாச்சும் சமாளிச்சுக்குவ மாப்ள."

எனக்கு வந்தது கோபம்தான். இரக்கம் பிறகு வந்தது, முதலில் கோபம், காது சுட்டது. நான் இரண்டு நாளாக யாருக்காகக் குமைந்தேனோ அந்த ஆள் என்னைத் தூக்கித் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டியிருக்கிறார். என் காகிதம், என் வாசிப்பு, என் ஷூ. படிச்சவன் சமாளிச்சுக்குவானாம். ரெஜினாவை யார் சமாளிப்பது? அதே சமயம் ஒரு ராத்திரி மகள் வீட்டில் படுத்து எழுந்திருக்க ஒரு மனிதன் மறுமையையே பணயம் வைத்திருக்கிறான் என்பது நெஞ்சில் குத்தியது, குத்தினாலும் நான் அதற்காக என் ராத்திரிகளை எல்லாம் கொடுத்துவிட முடியுமா? எல்லா ராத்திரிகளையும்? முத்தவல்லி கையில் துணி இரண்டு முழம்தான் பாக்கி. அவர் துணியோடு சேர்ந்து ஒவ்வொரு அடியாக எங்களை நோக்கி நடந்து வருகிறார். சாம்பிராணிப் புகையில் கண் எரிகிறது. இப்போது சொல்ல வேண்டும், இப்போது இல்லாவிட்டால் இல்லை. பெரியத்தா உளறவில்லை, அவரைக் காட்டிக்கொடுக்கிற பாவம் என் தலையிலிருந்து இறங்கிவிட்டது, ஆனால் முழு உண்மையையும் சொன்னால் சிக்கந்தர் மச்சானை இந்தக் கூட்டம் இந்த இடத்திலேயே உரித்துவிடும். அவர் பெயரை எடுக்க வேண்டாம். புத்தகத்தை மட்டும் சொல்வோம். புத்தகத்தில் இருக்கிறது, நான் வாசித்தேன், அவ்வளவுதான், கனவு என்பது ஏதோ குழப்பம். போதும். கனவு உடைந்தால் பட்டம் அவருக்குப் போகும், அவர் மகள் வீட்டுக்குப் போகமாட்டார். தெரிந்துதான் செய்தேன். மலர்த்தி வைத்திருந்த வலது கையை உயர்த்தினேன்.

கூட்டம் அடங்கியது. முத்தவல்லி மைக்கை என் வாயருகே நீட்டினார், நான் துஆ கேட்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார். "ஜமாஅத்தார் என்னை மன்னிக்கணும்" என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ மாதிரி திரும்பி வந்தது. "இந்தக் கனவு பெரியத்தா கண்டது இல்லை. இது ஒரு பழைய பாரசீகப் புத்தகத்தில் இருக்கிறது, ஐநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதினது. கூடம், விளக்கு, கிண்ணம், வாசலில் செருப்போட நிற்கிறவன், எல்லாம் அப்படியே அதில் இருக்கு. ஆஸ்பத்திரியில் நான்தான் அதை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். வாசலில் ஷூவைக் கழற்றாம நின்று வாசிச்சேன். அதுதான் இப்படிக் கனவுன்னு ஆயிருச்சு." சொல்லி முடித்ததும் நெஞ்சு காலியாகி லேசாக இருந்தது, பிறந்ததிலிருந்து இவ்வளவு லேசாக இருந்ததில்லை. புறாக்கள் மட்டும் மாடத்தில் முனகின. முத்தவல்லி என்னையே பார்த்தார், அவர் வாய் மெல்லத் திறந்தது, கண்ணில் நீர் முட்டியது. மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "சுப்ஹானல்லாஹ்" என்றார், முதலில் மெதுவாக. "கேட்டீங்களா ஜமாஅத்தாரே? ஐநூறு வருசத்துக்கு முந்தியே எழுதி வச்சிருக்கு! பாரசீகத்துல! அத இந்த ஊர்ல எடுத்து வாசிக்கத் தெரிஞ்ச ஆளு யாரு? இவரு ஒருத்தருதான். ஆயிரம் பக்கம் இருக்குமே, அந்தப் பக்கத்தத்தான் எடுக்கணும்னு இவரு கையில யாரு எடுத்துக் குடுத்தது? வாசல்ல செருப்போட நின்னவரு யாருன்னு இப்ப அவரு வாயாலயே சொல்லிட்டாரு! பட்டம் வேணாங்குறாரு பாருங்க, வேணாங்குறவருக்குத்தான்யா அது!" அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழக்கம் கூரையைத் தூக்கியது. பெண்கள் பக்கம் குலவை கிளம்பியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் "இல்லை, கேளுங்க, நான் சொல்றது" என்றேன், மைக் என்னிடம் இல்லை. நான் படித்த வரலாறுகளில் இப்படி ஒருவன் தவறாமல் வருவான், கனவை மறுக்கவென்று எழுந்து அதற்கே கடைசிச் சாட்சியாகிப் போகிறவன். எவ்வளவு லாவகமாக அவனைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பக்கங்களை நான் ரசித்துப் படித்திருக்கிறேன். அவன் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சிக்கந்தர் மச்சான் துணியின் கடைசி நுனியைக் கையில் பிடித்தபடி என் முன்னால் நின்றுவிட்டார். சுற்றவும் இல்லை, செருகவும் இல்லை. முத்தவல்லி என்ன சொன்னார் என்பது அவருக்குள் இறங்குவதை என்னால் முகத்தில் பார்க்க முடிந்தது, நாற்பது நாளாக இறுகிக் கிடந்த அந்தத் தாடை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. முழந்தாளிட்டு உட்கார்ந்தார். இத்தனை சத்தத்திலும் எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்ப நான் சொன்னது பொய்யில்லையா மாப்ள?" என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. பொய்தான் என்று சொன்னாலும் கூட்டம் என்னை விடப்போவதில்லை, அவர் மட்டும் தூக்கமில்லாத கண்ணோடு கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறுவார்.

"இல்ல மச்சான்" என்றேன். "பொய்யில்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என் நெற்றிப் பக்கம் மடிப்பை விரலால் விலக்கி, நுனியை ஆழமாகச் செருகினார்.